ஐந்து சொற்களின் கதை

சபை நடுவே ஒரு பெண் எழுந்து நின்று சட்டம் பற்றிக் கேள்வி கேட்டால் என்ன நடக்கும்? நம் இதிகாசத்திலே இதற்கு ஒரு விடை உண்டு. கௌரவர் சபையிலே பாஞ்சாலி கேட்டது வெறும் புலம்பலன்று. அது சட்டக் கேள்வி. தன்னையே முன்னர் தோற்றுவிட்ட ஒருவனுக்கு என்னைப் பணயம் வைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்றுதான் அவள் கேட்டாள். கற்றோரும் மூத்தோரும் நிறைந்திருந்த அச்சபையிலே அதற்கு நேரான விடை கிடைக்கவில்லை. தருமத்தின் வழி நுண்ணியது என்று சொல்லி வீட்டுமரும் ஒதுங்கிக் கொண்டார்.

அந்தக் கேள்வியைப் பிற்காலத்திலே எத்தனையோ நாட்டுச் சட்டசபைகளில் எத்தனையோ பெண்கள் கேட்டிருக்கிறார்கள். உலக வரலாற்றைப் புரட்டும்போது அவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது ஜேர்மனியிலே நடந்த ஒரு போராட்டம். போரினால் இடிந்து கிடந்த அந்நாட்டிலே, 1948ஆம் ஆண்டின் இறுதியில், ஐம்பத்திரண்டு வயதுடைய ஒரு பெண் சட்டத்தரணி ஐந்து சொற்களைப் புதிய அரசியல் யாப்பிலே எழுதிவிட வேண்டுமென்று நின்றார். "ஆண்களும் பெண்களும் சம உரிமையுடையவர்கள்" என்பதே அவ்வாக்கியம். ஜேர்மன் மொழியிலே அது சரியாக ஐந்து சொற்கள். இத்தனை எளிய வாக்கியத்தை எழுதுவதற்கு ஏன் போராட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு முன்கதையைச் சிறிது கூற வேண்டும்.

சிரிப்போடு தொடங்கிய கதை

முதலாவது உலகப் போரின் முடிவிலே முடியாட்சி வீழ்ந்தது. 1918ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே ஜேர்மன் பெண்களுக்கு வாக்குரிமை அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு ஜனவரி 19ஆம் தேதி நடந்த தேர்தலில் தேசிய சபைக்குத் தெரிவான 423 அங்கத்தவர்களுள் 37 பேர் பெண்கள்.

அச்சபையிலே முதன்முதலாகப் பேச எழுந்த பெண் மரீ யூகாச் அம்மையார். தையல் வேலை செய்து பிழைத்தவர். சமூக சனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். 1919 பெப்ரவரி 19ஆம் தேதி அவர் பேச்சைத் தொடங்கியபோது, வழக்கமாகக் "கனவான்களே" என்று மட்டும் ஒலித்த இடத்திலே, "கனவான்களே, சீமாட்டிகளே" என்று விளித்தார். சபையிலே சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பைச் சபைக் குறிப்பேட்டிலும் பதிந்து வைத்திருக்கிறார்கள். "பெரியோர்களே, தாய்மார்களே" என்ற விளியைக் கேட்டு வளர்ந்த நமக்கு அதிலே சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று விளங்குவது கடினம். அச்சொல் அந்தச் சபைக்குப் புதிது, அவ்வளவுதான் காரணம். யூகாச் அம்மையார் கலங்கவில்லை. வாக்குரிமைக்காகப் பெண்கள் நன்றி சொல்லத் தேவையில்லை, இதுவரை அநியாயமாக மறுக்கப்பட்டதே இப்போது தரப்பட்டிருக்கிறது என்ற கருத்தை அவர் அன்று தெளிவாக எடுத்துரைத்தார்.

ஆனால் அவ்வாண்டு எழுதப்பட்ட வைமார் யாப்பிலே ஒரு சூட்சுமம் இருந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் "கொள்கையளவில்" ஒரே விதமான குடியுரிமைகளும் கடமைகளும் உண்டு என்று அதன் 109ஆம் உறுப்புரை கூறியது. கொள்கையளவில் என்ற அச்சொல்லை நீக்க எடுத்த முயற்சி தோற்றது. ஒரு வீட்டுக்கு நான்கு பக்கமும் மதில் எழுப்பிவிட்டு, ஒரு மூலையில் ஆள் நுழையும் பொட்டு ஒன்றை விட்டு வைத்தால் மதிலால் என்ன பயன்? "கொள்கையளவில்" என்ற சொல் அத்தகைய பொட்டு. மேலும், அங்கே பேசப்பட்டவை குடியுரிமைகள் மாத்திரமே. வாக்குச் சாவடிக்குள் பெண் சமமானவள். வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தால் பழைய சட்டமே அவளை ஆண்டது.

அந்தப் பழைய சட்டம் எத்தகையது? 1900ஆம் ஆண்டிலே நடைமுறைக்கு வந்த ஜேர்மன் குடியியற் சட்டக்கோவையின்படி இல்வாழ்க்கை சம்பந்தமான எல்லாக் காரியங்களிலும் முடிவு கூறும் உரிமை கணவனுக்கே இருந்தது. மனைவி கொண்டு வந்த சொத்தை நிருவகிப்பதும் அதன் வருவாயை அனுபவிப்பதும் அவனுடைய உரிமை. அவள் வெளியே வேலைக்கு அமர்ந்தால், நீதிமன்றத்தின் அனுமதி பெற்று அந்த வேலை ஒப்பந்தத்தை அவனே முறித்துவிடலாம். பிள்ளைகள் மீதான அதிகாரம் தந்தைக்குரியது. பாராளுமன்றத்திலே சட்டம் இயற்றும் ஒருத்தி, தன் வீட்டிலே அச்சட்டத்தின்படி கணவனின் சொல்லுக்கு அடங்கியவள்!

1933இல் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் இந்த அரைகுறை உரிமையும் போயிற்று. அவர்களுடைய வேட்பாளர் பட்டியலிலே பெண்களுக்கு இடமில்லை. ஆதலால் அவர்களுடைய பாராளுமன்றத்திலும் பெண் என்பவள் இல்லாமற் போனாள்.

அறுபத்தைந்து பேரில் நால்வர்

இரண்டாவது உலகப் போருக்குப் பின் மேற்கு ஜேர்மனிக்கு ஓர் யாப்பு வரைவதற்காக, 1948 செப்டெம்பர் முதலாம் தேதி பான் நகரிலே ஒரு பேரவை கூடியது. கொன்ராட் அடெனோவர் அதன் தலைவர். வாக்குரிமை பெற்ற அங்கத்தவர்கள் 65 பேர். அவர்களுள் பெண்கள் நால்வர் மாத்திரமே: எலிசபெத் செல்பர்ட், பிரீடறிக்க நாடிக், ஹெலன வேபர், ஹெலன வெசல். முதல் இருவரும் சமூக சனநாயகக் கட்சியினர். மூன்றாமவர் கிறிஸ்தவ சனநாயகக் கட்சியினர். நான்காமவர் மத்திய கட்சியினர்.

எலிசபெத் செல்பர்ட் அம்மையாரே இக்கதையின் நாயகி. 1896இல் காசல் நகரிலே பிறந்தவர். தந்தையார் சிறைச்சாலை உத்தியோகத்தர். வசதி குறைந்த குடும்பமாதலால் படிப்பைத் தொடர முடியாமல் அஞ்சற் பகுதியிலே வேலைக்குச் சென்றார். அச்சகத் தொழிலாளரான ஆதாம் செல்பர்ட்டை மணந்து, இரண்டு ஆண் குழந்தைகளுக்குத் தாயான பின்னர்தான் உயர்தரப் பரீட்சைக்குத் தாமாகவே படித்துச் சித்தியெய்தினார். பின்பு சட்டம் பயின்று 1930இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். மண விலக்குக்கு யார் குற்றவாளி என்று தேடுவதை விடுத்து, மணவாழ்வு சிதைந்துவிட்டதா என்று பார்ப்பதே முறை என்பது அவருடைய ஆய்வின் சாரம். நாஜி ஆட்சியிலே கணவர் வேலையிழந்து, சில காலம் தடுப்பு முகாமிலும் அடைக்கப்பட்டார். பெண்களைச் சட்டத்தொழிலிலிருந்து விலக்கும் ஆணை வருவதற்குச் சற்று முன்பாக, 1934இன் இறுதியிலே, சட்டத்தரணியாகப் பதிவு பெற்ற அம்மையார் தம் உழைப்பால் குடும்பத்தைத் தாங்கினார்.

இத்தகைய அனுபவம் உடையவருக்குச் சொற்களின் பெறுமதி தெரியும். "கொள்கையளவில்" என்ற பொட்டு இல்லாத ஒரு மதிலை அவர் எழுப்ப விரும்பினார். ஆகவேதான் ஐந்து சொற்கள். அடைமொழி இல்லை, நிபந்தனை இல்லை.

இதிலே வியப்பு யாதெனில், மற்றைய மூன்று பெண்களும் உடனே அவருக்குக் கைகொடுத்து விடவில்லை. அவருடைய கட்சியைச் சேர்ந்த நாடிக் அம்மையாரே தயங்கினார். அத்தயக்கத்தை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். ஐந்து சொற்களை எழுதிய மறுகணமே கணவன், மனைவி, பிள்ளைகள், சொத்து என்பன பற்றிய சட்டம் பெரும்பாலும் செல்லாததாகிவிடும். புதிய சட்டம் வருமட்டும் நீதிமன்றங்கள் எதைக் கொண்டு வழக்குத் தீர்க்கும்? இது நியாயமான கேள்விதான்.

செல்பர்ட் அம்மையார் கண்ட விடையிலேதான் அவருடைய சட்டத்திறன் தெரிகிறது. பழைய சட்டங்கள் சில காலம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அவற்றுக்கு ஒரு முடிவு நாள் குறிக்க வேண்டும் என்றார். உரிமையை இன்று எழுதுவது. அதற்கு மாறான சட்டங்களைத் திருத்தத் தவணை கொடுப்பது. தவணை கடந்தால் அச்சட்டங்கள் தாமாகவே செயலிழப்பது. பிற்பாடு யாப்பின் 117ஆம் உறுப்புரையிலே அந்நாள் குறிக்கப்பட்டது: 1953 மார்ச் 31.

கூடை நிறைந்த கடிதங்கள்

1948 டிசம்பர் 3ஆம் தேதி பிரதான குழுவிலே விவாதம் நடந்தது. சட்டம் ஒத்தவற்றை ஒத்தவையாக நடத்த வேண்டும், வேறுபட்டவற்றை அவற்றின் இயல்புக்கேற்ப நடத்தலாம் என்ற மாற்று வாசகம் ஒன்றும் அந்நாட்களிலே முன்வைக்கப்பட்டிருந்தது. கேட்பதற்கு அழகான வாசகம்! ஆனால் பெண்ணின் "இயல்பு" யாதென்று தீர்மானிப்பவர் யார்? பழைய சட்டம் முழுவதும் அந்த "இயல்பு" என்ற தூணிலேதானே சாய்ந்து நின்றது?

போர்க்காலத்திலே இடிபாடுகளின் நடுவே நின்று, ஆணின் வேலையையும் சேர்த்துச் செய்த பெண், ஆணைப் போலவே மதிக்கப்படுவதற்குத் தார்மிக உரிமை உடையவள் என்று செல்பர்ட் அம்மையார் வாதிட்டார். அத்தோடு நிற்கவில்லை. போருக்குப் பின் நாட்டிலே 100 ஆண் வாக்காளருக்கு 170 பெண் வாக்காளர் இருப்பதை நினைவூட்டி, இவ்வாசகம் நிராகரிக்கப்பட்டால் நாடெங்கும் பெண்கள் பேசுவார்கள், யாப்பே ஏற்கப்படாமற் போகவும் கூடும் என்று எச்சரித்தார். வாக்கெடுப்பிலே 9 பேர் ஆதரித்தனர்; 11 பேர் எதிர்த்தனர். வாசகம் தோற்றது.

தோற்றவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. ஊர் ஊராகச் செல்லும் உபதேசியாரைப் போலக் கூட்டத்துக்குக் கூட்டம் சென்றதாக அவரே பின்னாளில் நினைவு கூர்ந்தார். அக்காலத்து ஜேர்மனியை எண்ணிப் பாருங்கள். அடுப்பெரிக்க நிலக்கரி அரிது. பல நகரங்களிலே கூரையுள்ள வீடு கிடைப்பதே பாக்கியம். இந்நிலையிலே யாப்பின் ஒரு வாசகத்தைப் பற்றிக் கேட்க யார் வருவார்கள்? ஆனால் வந்தார்கள். பெண்கள் சங்கங்கள், தொழிற்சங்கப் பெண்கள், மாநிலச் சட்டசபைகளின் பெண் அங்கத்தவர்கள் எனப் பலரும் பான் நகருக்கு எழுதினார்கள். சலவைத் துணிக் கூடைகளிலே கடிதங்கள் வந்து குவிந்தனவாம். கணவனைப் போர்க்களத்திலே பறிகொடுத்து, பிள்ளைகளோடு தனித்து நின்று குடும்பத்தைக் காத்த பெண்களுக்கு, "குடும்பத் தலைவன் ஆணே" என்ற பழைய பாடம் இனிச் செல்லாது என்பதை ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1949 ஜனவரி 18ஆம் தேதி அதே குழுவிலே அதே ஐந்து சொற்கள் மீண்டும் வாக்குக்கு விடப்பட்டன. இம்முறை ஒருவரும் எதிர்க்கவில்லை, ஏகமனதாக நிறைவேறின. ஏழு வாரங்களுக்குள் பதினொரு பேருடைய மனம் மாறிய காரணம் அவர்கள் கேட்ட வாதமா, அல்லது வந்த கடிதமா என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டு விடுகிறேன். 1949 மே 23இல் யாப்பு வெளியிடப்பட்டது. அதன் 3ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்தியாக அவ்வாக்கியம் இன்றும் நிற்கிறது.

எழுதிய பின்னர்

கதை இங்கே முடிந்திருந்தால் அஃது ஓர் இனிய கதையாக இருந்திருக்கும். ஆனால் யாப்பிலே எழுதிய எழுத்து வீட்டுக்குள் நுழைய இன்னும் ஒரு தலைமுறைக் காலம் சென்றது.

1949இல் தெரிவான முதலாவது மேற்கு ஜேர்மன் பாராளுமன்றத்திலே 410 அங்கத்தவருள் 28 பேரே பெண்கள். செல்பர்ட் அம்மையாருக்கு அதிலே ஆசனம் கிடைக்கவில்லை. குறிக்கப்பட்ட நாள் நெருங்கியது. புதிய குடும்பச் சட்டம் வரவில்லை. கருத்து வேறுபட்டால் முடிவுச் சொல் கணவனுடையதாகவே இருக்க வேண்டும் என்று அரசாங்கத் தரப்பிலும் கத்தோலிக்க ஆயர்கள் தரப்பிலும் வற்புறுத்தினர். 1953 மார்ச் 31 வந்தது, போயிற்று. அப்போதுதான் அந்தத் தேதியின் வலிமை தெரிந்தது. தவணை கடந்துவிட்டதால் சமத்துவ விதியே நேரடியாகச் சட்டமாகிறது, நீதிபதிகள் அதைக் கொண்டே தீர்ப்புக் கூற வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1953 டிசம்பரிலே தீர்ப்பளித்தது.

1957இல் சம உரிமைச் சட்டம் வந்தது. ஆளுங்கட்சியிலே இருந்துகொண்டே கணவனின் முடிவுரிமையை எதிர்த்தவர் எலிசபெத் ஷ்வார்ட்ஸ்ஹவுப்ட் அம்மையார். சொந்தக் கட்சியின் பெரும்பான்மைக்கு எதிரே நின்று வாதாடுவது எதிர்க்கட்சியிலிருந்து வாதாடுவதிலும் கடினமான காரியம். மிகச் சிறிய வாக்கு வித்தியாசத்திலே கணவனின் பொது முடிவுரிமை ஒழிந்தது. எனினும் பிள்ளைகள் விடயத்திலே தந்தையின் சொல்லே இறுதி என்ற விதி தப்பிப் பிழைத்தது. 1959 ஜூலையிலே நீதிமன்றம் அதனையும் தள்ளுபடி செய்தது. 1961இலே ஷ்வார்ட்ஸ்ஹவுப்ட் அம்மையாரே அந்நாட்டின் முதலாவது பெண் மத்திய அமைச்சரானார்.

மனைவி வேலைக்குப் போவது அவளுடைய குடும்பக் கடமைகளுக்கு இசைவாக இருக்க வேண்டும் என்ற விதியோ 1977 வரை நீடித்தது. அவ்வாண்டு ஜூலை முதலாம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டமே அதை நீக்கியது. மண விலக்கிலே குற்றவாளியைத் தேடும் முறையையும் அச்சட்டமே கைவிட்டது. 1930இலே ஓர் இளந்தாய் தம் ஆய்வேட்டிலே எழுதிய கருத்து, 47 ஆண்டுகளின் பின்னர் சட்டமாயிற்று. அப்போது செல்பர்ட் அம்மையாருக்கு எண்பது வயது. 1986இலே அவர் காலமானார்.

சிரிப்பொலியும் அவ்வளவு எளிதிலே ஓயவில்லை. 1970இலே ஒரு பெண் காற்சட்டை அணிந்து சபைக்கு வருவதை அனுமதியேன் என்று உப சபாநாயகர் ஒருவர் சொல்ல, லெனலொட்ட வொன் போத்மர் என்ற அங்கத்தவர் காற்சட்டை அணிந்தே வந்து பேச்சு மேடையில் ஏறினார். அவருக்கும் கடிதங்கள் வந்தன. அவற்றுள் வசைமொழிகள் நிறைந்திருந்தன. 1983 மே மாதத்திலே, பசுமைக் கட்சியைச் சேர்ந்த வால்ட்ரவுட் ஷொப்ப அம்மையார், மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்வதும் தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும் என்று பேசியபோது சபையிலே எழுந்த சிரிப்பும் கூச்சலும் 1919ஐ நினைவூட்டின. ஆனால் 1997 மே 15ஆம் தேதி, பல கட்சிகளைச் சேர்ந்த பெண் அங்கத்தவர்கள் கட்சி எல்லையைத் தாண்டி ஒன்றுகூடிக் கொண்டுவந்த பிரேரணையினால் அதே கோரிக்கை 470 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்தவர் 138 பேர். 1948இலே நால்வர் ஒன்றுபடத் தயங்கினர்; அரை நூற்றாண்டின் பின்னர் எதிரெதிர்க் கட்சிப் பெண்கள் ஒன்றுபட்டனர்.

நான் கண்ட பாடம்

சட்டசபையிலே பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுவது அவசியமான கணக்கு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஜேர்மன் பாராளுமன்றத்திலே பெண்களின் தொகை 1983ஆம் ஆண்டுத் தேர்தல் வரையிலும் பத்து வீதத்தைத் தாண்டாதிருந்தது. சட்டங்கள் ஊர்ந்து சென்றதற்கு அதுவும் காரணம். ஆயினும் அறுபத்தைந்தில் நால்வராக இருந்தபோதே அந்த ஐந்து சொற்கள் வென்றன என்பதையும் மறத்தலாகாது. அவ்வெற்றிக்குக் காரணங்கள் மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது: பொட்டு இல்லாத வாசகம், சபைக்கு வெளியே இருந்து வந்த கடிதங்கள், பழைய சட்டத்துக்குக் குறித்த நாள். இவற்றுள் மூன்றாவதே பெரிது என்பேன்.

இலங்கை வாசகருக்கு இதை விளக்கத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, பால் காரணமாக எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. ஆனால் அதே அத்தியாயத்தின் 16ஆம் உறுப்புரை, முன்பிருந்த சட்டங்கள் அவ்வுரிமைகளுக்கு மாறாக இருந்தாலும் செல்லும் என்கிறது. முடிவு நாள் எதையும் குறிக்கவில்லை. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் பெற வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. சீதனக் காணிக்கு உறுதி முடிக்கச் சென்று நொத்தாரிசு முன்னால் அமர்ந்த நம் தாய்மாருக்கு, ஜேர்மன் மனைவியின் பழைய நிலையை நான் விவரிக்க வேண்டியதேயில்லை.

இனி ஒரு மசோதாவோ யாப்பு நகலோ பத்திரிகையிலே வெளிவரும்போது, அதில் "சமத்துவம்" என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். அச்சொல்லுக்கு முன்னே எந்த அடைமொழி நிற்கிறது, பின்னே எந்தத் தேதி நிற்கிறது என்று பாருங்கள். பிழை கண்டால் எழுதுங்கள். கூடை நிறையக் கடிதங்கள் குவிந்தபோது ஒரு சபை தன் தீர்மானத்தை ஏழு வாரங்களுக்குள் மாற்றிக் கொண்டது. வேறொரு சபையும் மாற்றிக் கொள்ளக்கூடும்.